கஞ்சா: தடையா, தண்டனை நீக்கமா, கடை திறப்பதா?

1998 ஜூனில் ஐ.நா. பொதுச்சபை போதைப்பொருளைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு சிறப்புக் கூட்டம் நடத்தியது. ‘போதைப்பொருள் இல்லாத உலகம்: நம்மால் முடியும்’ என்பது அதன் முழக்கம். கோக்கா, அபின், கஞ்சா மூன்றின் சட்டவிரோதச் சாகுபடியையும் 2008க்குள் ஒழிப்பது, முடியாவிட்டால் பெருமளவு குறைப்பது என்று நாடுகள் உறுதி எடுத்துக்கொண்டன. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் கஞ்சா பயன்படுத்தியவர்கள் சுமார் 22.8 கோடிப் பேர் என்று ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகமே பிற்பாடு கணக்குக் கொடுத்தது.

இதை வைத்துத் ‘தடை தோற்றது, விஷயம் முடிந்தது’ என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு சுலபமில்லை. தடையே இல்லாமல் இருந்திருந்தால் அந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. திருட்டு ஒழியவில்லை என்பதற்காகத் திருட்டுச் சட்டத்தை யாரும் கிழித்துப் போடுவதில்லை. ஓர் அரசு முடிவெடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு வழியிலும் எந்தத் தீங்கு குறைகிறது, எது புதிதாக முளைக்கிறது, அது யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. என் முடிவு எது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் சரக்கைப் பற்றி

‘வெறும் மூலிகை’ என்பவர்களையும் ‘ஒரு இழுப்பு இழுத்தால் வாழ்க்கை போச்சு’ என்பவர்களையும் ஒருசேர ஒதுக்கி வைத்துவிடலாம். 1990களில் அமெரிக்காவில் நடந்த, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு, கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறத்தாழ 9 சதவீதம் பேர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் அதற்கு அடிமையாகிறார்கள் என்று மதிப்பிட்டது. அதே ஆய்வில் மதுவுக்கு 15 சதவீதம், புகையிலைக்கு 32. பதின்வயதில் தொடங்குபவர்களிடம் கஞ்சாவின் விகிதம் இன்னும் கூடுதல். அளவு மீறி உட்கொண்டதால் மூச்சு நின்று சாவது, ஹெராயினில் நடப்பதுபோல, கஞ்சாவில் நடப்பதில்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினோரு இடங்களில் தரவு திரட்டி 2019இல் வெளியான ஆய்வின்படி, வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஆக, இரண்டு ஆட்களை மனதில் வைத்துக்கொள்வது உதவும். எப்போதாவது வாரக் கடைசியில் புகைக்கிற, வேலைக்குப் போகிற, நடுவயதுக்காரர் ஒருவர். பதினாறு வயதில் தொடங்கி இருபதில் தினமும் காலையிலேயே பற்றவைக்கிற இளைஞன் இன்னொருவன். முதல் ஆளுக்குச் சரக்கால் வரும் கேட்டைவிட, பிடிபட்டால் சட்டத்தால் வரும் கேடு பெரிது. இரண்டாவது ஆளுக்குச் சரக்கே பெரிய கேடு. எந்தக் கொள்கையும் இந்த இருவரையும் எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் யோக்கியதை தெரியும்.

தடை உண்மையில் என்ன செய்கிறது?

தடைக்கு ஒரு பலன் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாமல் பேசுவது நேர்மையில்லை. விலை ஏறுகிறது. உலர்ந்த பூவை வளர்த்து எடுக்க ஆகும் செலவு கொஞ்சம்தான். கள்ளச்சந்தையில் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, சிறைக்குப் போகத் துணிந்த வியாபாரிக்கான ஆபத்துக் கூலி. விலை ஏறினால் சிலர் வாங்க மாட்டார்கள், சிலர் குறைத்துக்கொள்வார்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நடந்த மதுவிலக்கை எல்லோரும் தோல்விக்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் பொருளாதார ஆய்வாளர்களின் மதிப்பீட்டில், அது வந்த புதிதில் மது அருந்தல் முன்பிருந்ததில் சுமார் 30 சதவீதமாக விழுந்தது. சில ஆண்டுகளில் 60, 70 சதவீதத்துக்கு ஏறிவிட்டாலும் பழைய நிலையைத் தொடவில்லை. குறைத்தது என்பது உண்மை. அதற்குக் கொடுத்த விலைதான் பிரச்சினை: கும்பல்களின் ஆட்சி, லஞ்சம் வாங்கிய காவலர்கள், தொழிற்சாலை எரிசாராயத்தில் அரசே கலக்கச் சொன்ன மெத்தனால், அதைக் குடித்துச் செத்தவர்கள்.

கஞ்சா விஷயத்தில் இதன் உச்சத்துக்கு சிங்கப்பூர் இருக்கிறது. அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. சுமார் ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று தீர்ப்பாகி, 2023 ஏப்ரலில் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அந்நாட்டில் பயன்பாடு குறைவு என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குறைவுக்குத் தூக்குக் கயிறு மட்டும் காரணமா? ஒரே நகரம், சின்ன எல்லை, சோதனை பலமான துறைமுகம், லஞ்சம் அரிதான காவல்துறை எல்லாம் சேர்ந்த விளைவு அது. நீண்ட நில எல்லையும் சம்பளம் போதாத காவலரும் உள்ள நாடு அந்தத் தண்டனையை மட்டும் இரவல் வாங்கினால், கயிறு கிடைக்கும், சிங்கப்பூர் கிடைக்காது.

பெரிய நாட்டில் தடை எப்படி இறங்கி வருகிறது என்பதற்கு அமெரிக்காவே சான்று. அதிபர் நிக்சன் நியமித்த ஆணையமே 1972இல், தனிப்பட்ட உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஆணையத்தின் தலைவர் அவருடைய கட்சிக்காரர்தான். நிக்சன் அறிக்கையை ஒதுக்கித் தள்ளினார். 2001 முதல் 2010 வரை அங்கே நடந்த கஞ்சாக் கைதுகள் 80 லட்சத்துக்கும் மேல். அவற்றில் 88 சதவீதம் வெறுமனே கையில் வைத்திருந்ததற்காக. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் புகைத்தார்கள். கைதாகும் வாய்ப்போ கறுப்பினத்தவருக்கு 3.7 மடங்கு. எந்த ஊரில் எடுத்துப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. புகைப்பதற்கு மூடிய அறை உள்ளவர் பிடிபடுவதில்லை. தெருமுனையில் நிற்கிறவர் பிடிபடுகிறார்.

இன்னொரு பக்கவிளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிடிக்கும் கை இறுக இறுக, கடத்துபவர் சின்னப் பொட்டலத்தில் பெரிய போதையை அடைக்கப் பார்ப்பார். மதுவிலக்கில் பியர் ஒழிந்து கடுஞ்சாராயம் நிலைத்தது இதனால்தான். கஞ்சாவில் இது ஆய்வகச் செயற்கைச் சரக்காக வந்தது. ‘ஸ்பைஸ்’ போன்ற பெயர்களில் விற்ற அந்தத் தூள் தெளித்த இலைகள், சாதாரணச் சிறுநீர்ச் சோதனையில் சிக்காது என்பதாலேயே சிறைகளில் பரவின. கஞ்சா செய்யாத கேட்டை, வலிப்பும் மரணமும் உட்பட, அவை செய்தன.

தண்டனை நீக்கம்: பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் வழி

தண்டனை நீக்கம் என்றால் கடை திறப்பது இல்லை. விற்பது குற்றமாகவே இருக்கும். கொஞ்சம் கையில் வைத்திருப்பவருக்குச் சிறையும் குற்றப் பதிவும் கிடையாது, அவ்வளவுதான். அபராதம் இருக்கலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், ஒன்றுமே செய்யாமலும் விடலாம்.

இதற்கு எல்லோரும் காட்டுவது போர்ச்சுகல். 2001 ஜூலையில் அங்கே எல்லாப் போதைப்பொருளுக்கும் இந்த முறை வந்தது. பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவு (கஞ்சா என்றால் 25 கிராம்) வைத்திருந்தால் நீதிமன்றம் இல்லை, மூன்று பேர் கொண்ட ஓர் ஆணையத்தின் முன் போக வேண்டும். அடிமையாகாதவர் என்று தெரிந்தால் பெரும்பாலும் வழக்கை நிறுத்திவைத்து அனுப்பிவிடுவார்கள். அதே நேரத்தில் சிகிச்சை மையங்களும் ஊசி மாற்றும் திட்டமும் விரிவாக்கப்பட்டன. போதை ஊசி போடுபவர்களிடையே ஆண்டுக்கு ஆயிரம் அளவில் இருந்த புதிய எச்.ஐ.வி. தொற்று, பதினைந்து ஆண்டுகளில் சில பத்துகளாக இறங்கியது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த நாட்டை அப்போது அலைக்கழித்தது ஹெராயின், கஞ்சா அல்ல. அங்கே கஞ்சா இன்றும் கள்ளச்சந்தைச் சரக்குதான்.

எதிர்ப்பக்கத்தார் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தைக் காட்டுவார்கள். 2021இல் போர்ச்சுகல் பாணியில் தொடங்கி 2024இல் கைவிட்ட இடம். அங்கே சட்டத்தின் எழுத்தை மட்டும் நகலெடுத்தார்கள்: 100 டாலர் அபராதச் சீட்டு, ஓர் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அதுவும் தள்ளுபடி. போன் செய்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சைக்கான பணம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது; அதே சமயத்தில் ஹெராயினைவிட வீரியமான ஃபென்டனில் என்ற செயற்கைப் போதை வேறு வந்து இறங்கியது. இதில் கஞ்சாவுக்குச் சம்பந்தமே இல்லை. ஓரிகானில் அது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கடையில் விற்பனையாகிக்கொண்டிருந்தது. போர்ச்சுகலையும் ஓரிகானையும் கஞ்சா விவாதத்தில் வீசுகிற இரு தரப்பும் அடுத்த வீட்டு வழக்கின் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள்.

கஞ்சாவுக்கே நேரடியான சான்று பிரிட்டனில் இருக்கிறது. 2004 ஜனவரியில் அதைக் குறைந்த தண்டனைக்குரிய ‘சி’ பிரிவுக்கு இறக்கினார்கள். புகைப்பது பெருகும் என்ற அச்சத்தில் 2009இல் மீண்டும் ‘பி’ பிரிவுக்கு ஏற்றினார்கள். நடுவிலிருந்த ஐந்து ஆண்டுகளில் அரசின் கணக்கெடுப்பிலேயே பயன்பாடு குறைந்துகொண்டுதான் போனது. தண்டனையின் கடுமைக்கும் புகைப்பவர் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு, நாம் நினைப்பதைவிட மெல்லியது.

சரி, அப்படியானால் இதுவே போதுமே? போதாது என்பதற்கு மூன்று ஊர்களின் அனுபவம் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா 1987இல் சிறை, வழக்கு எல்லாவற்றையும் விட்டு, இடத்திலேயே அபராதச் சீட்டு கொடுக்கும் முறைக்கு மாறியது. நல்ல எண்ணம்தான். சீட்டு கிழிப்பது காவலர்களுக்குச் சுலபமாகிவிட்டதால், முன்பு திட்டி அனுப்பியிருப்பவர்களுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள்; சில ஆண்டுகளில் சீட்டுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலானது. பணம் கட்டாதவர்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். கட்ட முடியாதவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பிரேசில் 2006இல் உபயோகிப்பவருக்குச் சிறை இல்லை என்றது. எத்தனை கிராம் வரை ‘உபயோகம்’ என்று எழுதவில்லை. அதைப் பிடித்த காவலரும் நீதிபதியும் முடிவுசெய்தார்கள்; ஒரே அளவுக்கு ஒருவர் உபயோகிப்பவர், மற்றவர் வியாபாரி. 2024இல்தான் உச்ச நீதிமன்றம் 40 கிராம் என்று கோடு போட்டது. மெக்சிகோ 2009இல் கோடு போட்டது, ஐந்து கிராமில். அதற்கு ஒரு கிராம் கூடினாலும் சந்தேகம் வியாபாரத்தின் மேல்தான். சட்டத்தின் தலைப்பு எதுவாக இருந்தாலும், உள்ளே இருக்கும் கிராம் எண்ணில்தான் ஆட்களின் விதி கிடக்கிறது.

தண்டனை நீக்கத்தின் பெரிய ஓட்டை வேறு. அமெரிக்க மதுவிலக்கின் அரசியல் சட்டத் திருத்தத்தைப் படித்தால், அது தடுத்தது தயாரிப்பு, விற்பனை, போக்குவரத்து, ஏற்றுமதி, இறக்குமதி. குடிப்பதை அது குற்றமாக்கவில்லை. குடித்தவர் தப்பினார், காய்ச்சியவர் பிடிபட்டார். அதாவது, இன்று தண்டனை நீக்கம் என்று நாம் சொல்வதன் அச்சு அசல் வடிவம் அது! கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் அல் கபோன் வளர்ந்தது அந்த ஏற்பாட்டின் கீழேதான். ‘மதுவிலக்கு தோற்றது, ஆகவே கஞ்சாவுக்குத் தண்டனையை நீக்குங்கள்’ என்று வாதிடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாங்குவதை மன்னித்து விற்பதைத் தண்டித்தால் வாங்குபவரின் வாழ்க்கை பிழைக்கும். வியாபாரம் கும்பலிடமே இருக்கும்.

நெதர்லாந்து இந்த ஓட்டையுடன் பல பத்தாண்டுகள் குடித்தனம் நடத்தியது. 1976இல் கஞ்சாவை மற்ற கடும் போதைகளிலிருந்து பிரித்தார்கள். ‘காபி ஷாப்’பில் ஆளுக்கு 5 கிராம் விற்கலாம், கடையில் 500 கிராம் இருக்கலாம். முன்வாசல் வழியாக விற்பதைக் கண்டுகொள்வதில்லை. பின்வாசல் வழியாக அந்தச் சரக்கு உள்ளே வருவது குற்றம். இந்த அபத்தத்துக்கு முடிவுகட்ட, உரிமம் பெற்ற பண்ணையிலிருந்து கடைக்குச் சரக்குக் கொடுக்கும் சோதனையை 2023 டிசம்பரில்தான் தொடங்கினார்கள்.

கடை திறந்தால்?

அமெரிக்காவில் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012இல் வாக்கெடுப்பில் வழிவிட்டன. கனடா 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுக்க. கைதுகள் விழுந்தன, சரக்கு சோதிக்கப்பட்டு வந்தது, வரி வந்தது. நம் வாரக் கடைசிக்காரருக்கு இதைவிடச் சௌகரியம் இல்லை.

அந்த இளைஞனைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1992இல் தினமும் அல்லது கிட்டத்தட்டத் தினமும் கஞ்சா எடுத்தவர்கள் 9 லட்சம் பேர். 2022இல் 1 கோடியே 77 லட்சம். தினமும் மது குடிப்பவர்களின் எண்ணிக்கையை அது முதல்முறையாகத் தாண்டியது. இந்த ஏற்றம் முழுவதும் கடைகளால் என்று சொல்ல முடியாது, சட்டம் மாறுவதற்கு முன்பே ஏறத் தொடங்கியதுதான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: விற்பனையின் பெரும்பங்கை வாங்குவது தினசரி ஆட்கள்தான். வாரத்துக்கு ஒருமுறை வருபவரை வைத்து எந்தக் கம்பெனியும் பிழைக்காது. 1990களின் நடுவில் அங்கே கைப்பற்றப்பட்ட சரக்கில் போதை தரும் டி.எச்.சி. சுமார் 4 சதவீதம் இருந்தது. இன்று கடைகளில் விற்கும் செறிவூட்டிய வகைகளில் 60 சதவீதத்துக்கு மேல். வீரியம் ஏறியதற்குத் தடையை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. லாபமும் அதையேதான் செய்கிறது.

கள்ளச்சந்தை ஒழியுமா என்றால், கலிஃபோர்னியாவில் ஒழியவில்லை. வரி அதிகம், பல நகரங்கள் கடைக்கு அனுமதியே தரவில்லை, உரிமமில்லாத சரக்கு மலிவு. கனடாவில் பெருமளவு சட்டச் சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் கஞ்சா கலந்த மிட்டாய்களைத் தின்ற குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது அங்கே கூடியது. அதே கனடாவில் கியூபெக் மாகாணம் வேறு மாதிரி நடந்துகொண்டது: அரசு கடை மட்டும், வயது 21, மிட்டாய் வடிவம் கூடாது.

தாய்லாந்தைப் பற்றி ஒரு பத்தி போதும். 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள். கடைக்கான முறையான சட்டத்தை எழுதி முடிக்கும் முன்பே எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று திருப்பினார்கள். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம்.

நடுவில் ஒரு வழி

உருகுவே 2013இல், ஹோசே முஹிக்கா அதிபராக இருந்தபோது, உலகில் முதல் நாடாகச் சட்டம் போட்டது. ஆனால் கம்பெனிகளுக்குச் சந்தையைத் திறந்துவிடவில்லை. வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம். அல்லது 15 முதல் 45 பேர் சேர்ந்து தங்களுக்காகச் செடி வளர்க்கும் சங்கத்தில் உறுப்பினராகலாம். அல்லது பதிவு செய்துகொண்டு மருந்துக்கடையில் வாங்கலாம். மாதம் 40 கிராம் உச்சவரம்பு, விளம்பரம் கிடையாது. மால்டா 2021இல் சங்கம், வீட்டுச் செடி என்ற அளவோடு நின்றது. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் வெளியில் 25 கிராம், வீட்டில் 50 கிராம், மூன்று செடி என்று அனுமதித்தது. ஜூலையிலிருந்து 500 பேர் வரையுள்ள லாப நோக்கமற்ற சங்கங்கள். தென்னாப்பிரிக்காவில் 2018இல் அரசியல் சட்ட நீதிமன்றமே, வீட்டுக்குள் பெரியவர் ஒருவர் வளர்த்துப் புகைப்பது அவருடைய அந்தரங்கம் என்றது.

என் தேர்வு இதுதான்: தண்டனை நீக்கமும், கூடவே வீட்டுச் செடியும் சங்கமும். வெறும் தண்டனை நீக்கத்தின் ஓட்டையை, அதாவது ‘வைத்திருக்கலாம், ஆனால் எங்கிருந்து?’ என்ற கேள்வியை, இது ஓரளவு அடைக்கிறது. அதிகம் விற்றால் அதிக லாபம் என்று இராப்பகலாக யோசிக்கும் கம்பெனி இதில் இல்லை. கள்ளச்சந்தையை இது முழுதாகத் துரத்தாது. செடி வளர்க்கப் பொறுமையில்லாதவர் பழைய ஆளிடமே போவார். வரியும் பெரிதாக வராது. தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த வருமானம் பெரும்பாலும் தினசரி அடிமைகளிடமிருந்து வருவதால், அதை நம்பி வரவு செலவு போடும் அரசு அவர்கள் குறைவதை விரும்பாத அரசாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. சங்கத்தில் தொடங்கிப் பிறகு கடைக்குப் போவது எளிது. கடையும் பங்குச்சந்தையும் வந்தபின் திரும்பி வருவது தாய்லாந்துபோல் வலிக்கும்.

செய்வதானால் சில்லறை விஷயங்களில்தான் கவனம் வேண்டும். கிராம் வரம்பைச் சட்டத்திலேயே எழுத வேண்டும், மெக்சிகோபோல் சிறிதாக இல்லாமல் ஜெர்மனி அளவிலாவது. அபராதமே கூடாது என்பது என் கட்சி. தெற்கு ஆஸ்திரேலியாவில் பட்டது போதும். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர் பிடிபட்டால் பேச வேண்டியவர் காவலர் அல்ல, ஆலோசகர். அதற்கான பணத்தையும் ஆட்களையும் சட்டம் அமலாகும் நாளுக்கு முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வண்டி ஓட்டுவது மட்டும் இன்னும் சிக்கல்: மதுவுக்கு ஊதச் சொல்வதுபோல் கஞ்சாவுக்கு நம்பகமான சோதனை இல்லை. இரத்தத்தில் டி.எச்.சி. இருப்பதும் அந்த நேரத்தில் போதையில் இருப்பதும் ஒன்றல்ல. தினமும் எடுப்பவர் உடம்பில் அது நாள்கணக்கில் தங்கும். இதற்குத் தடையிலும் விடை இல்லை, கடையிலும் இல்லை.

அப்புறம், பழைய வழக்குகள். கனடா 2019இல் கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்களுக்கு இலவச மன்னிப்பு என்று அறிவித்தது. விண்ணப்பம், நீதிமன்றப் பதிவு, கைரேகை என்று கேட்டார்கள். தகுதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் கிடைத்தது சில நூறு பேருக்கே. கலிஃபோர்னியா 2018இல் வேறு மாதிரிச் செய்தது: தகுதியுள்ள பழைய வழக்குகளை அரசே தேடி எடுக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று சட்டம் போட்டது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஒரு பகுதியைக் கலிஃபோர்னியாவிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். விண்ணப்பம் கேட்டால், குற்றப் பதிவால் வேலை கிடைக்காமல் இருப்பவர்தான் முதலில் விடுபட்டுப் போவார்.